பல்லில் பதிந்த தண்ணீர்

பேரிகைச் சகோதரிக்கு,

மகளோடு உட்கார்ந்து அவளுடைய பதினொன்றாம் வகுப்பு விலங்கியல் புத்தகத்தைப் படித்துவிட்டு நீங்கள் கேட்ட கேள்வி என்னை நிறைய யோசிக்க வைத்தது. சூடு, சர்க்கரை, உப்பு எல்லாவற்றையும் உடம்பு தானே சரிசெய்துகொள்ளும் என்கிறது பாடம். அப்படிப்பட்ட உடம்பு, ஒன்பது வயது மகனின் முன்பற்களில் ஏறிய பழுப்பு வரிகளை மட்டும் ஏன் சரிசெய்யவில்லை? ஒழுங்காகப் பல் தேய்க்காதவன் என்று அவனைப் பார்ப்பவர்கள் எல்லாம் திட்டுகிறார்கள் என்றும் எழுதியிருந்தீர்கள்.

அதை முதலில் நிறுத்தச் சொல்லுங்கள். பல்லின் குறுக்கே, இடமும் வலமும் ஒரே மாதிரி ஓடும் வரிகள் என்கிறீர்கள். அழுக்கு அப்படிப் படியாது. ஃபுளோரைடு மிகுந்த தண்ணீரைக் குடித்த பல்தான் பெரும்பாலும் அப்படி இருக்கும். பல் மருத்துவர் ஒருமுறை பார்த்து உறுதிசெய்யட்டும். பல்பொடி போட்டுத் தேய்த்தால் போகாது, செங்கல்பொடி போட்டால் பல்தான் தேயும்.

இனி உங்கள் கேள்வி. உடம்பின் உட்சூழலைப் பற்றி முதலில் தெளிவாகப் பேசியவர் பிரான்சு நாட்டின் கிளாட் பெர்னார்ட். வெளியே வெயிலோ குளிரோ, செல்களைச் சூழ்ந்த நீர் மாறாமல் இருந்தால்தான் உயிர் தன் போக்கில் நடக்கும் என்றார். அந்த நிலைபேற்றுக்கு ‘ஹோமியோஸ்டேசிஸ்’ என்று 1926-இல் பெயர் வைத்தவர் அமெரிக்கர் வால்ட்டர் கேனன். ஆனால் அதற்கு ஒரு நிபந்தனை உண்டு. ஒரு பொருள் கூடியதா குறைந்ததா என்று அறியும் செல் எங்காவது இருக்க வேண்டும். அறிந்ததும் நடவடிக்கை எடுக்க வழியும் இருக்க வேண்டும்.

கால்சியத்தைப் பாருங்கள். 100 மில்லிலிட்டர் ரத்தத்தில் அது சுமார் 9 முதல் 10 மில்லிகிராம் இருக்கும். கழுத்தில் தைராய்டுக்குப் பின்னால் அரிசி அளவில் நான்கு பாராதைராய்டு சுரப்பிகள் உள்ளன. அவற்றின் செல்களுடைய மேல்சவ்வில் கால்சியத்தை உணரும் புரதம் பதிந்திருக்கிறது. ரத்தத்தில் கால்சியம் கொஞ்சம் இறங்கினால், செல்லுக்குள் தயாராக வைத்திருந்த பாராதார்மோன் உடனே வெளியேறும். எலும்பு கொஞ்சம் கரைந்து கால்சியம் கொடுக்கும், சிறுநீரகம் கால்சியத்தை வெளியே விடாமல் பிடித்துக்கொள்ளும், குடல் கூடுதலாக உறிஞ்சும். ரத்தம் பழைய அளவுக்கு வந்ததும் சுரப்பு தணிந்துவிடும்.

ஃபுளோரைடுக்கு இப்படி எதுவும் கிடையாது. அதை அளந்து பார்க்கும் சுரப்பி இல்லை, கூடிவிட்டது என்று சொல்லும் ஹார்மோன் இல்லை. குடித்த தண்ணீரிலிருந்து ஒரு மணி நேரத்துக்குள் ரத்தத்துக்கு வந்துவிடும். பெரியவர்களின் சிறுநீரகம் அதில் ஏறத்தாழப் பாதியை வெளியேற்றும். மிச்சம் எலும்புக்கும் பல்லுக்கும் போய்ச் சேரும். வளரும் எலும்பு ஆவலாக இழுத்துக்கொள்ளும் என்பதால் குழந்தைகளிடம் தங்குவது இன்னும் அதிகம்.

மகனின் பல் கதை எனாமலைக் கட்டும் செல்களில் இருக்கிறது. அமெலோபிளாஸ்ட் என்று பெயர். ஒல்லியாக, நெட்டையாக, வரிசையாக நிற்கும் செல்கள். உட்கரு ஒரு முனையில். புரதம் செய்யும் எண்டோபிளாச வலையும் அதைப் பொதிந்து அனுப்பும் கோல்கை உறுப்பும் அதற்கு மேலே. முதலில் புரதச் சாரம் போடும். பிறகு அந்தப் புரதத்தை அகற்றிவிட்டு, அந்த இடத்தில் தாது இறுகும்படி செய்யும். ஃபுளோரைடு மிகுந்தால் புரதத்தை அகற்றும் வேலை தாமதமாகி, எனாமல் உள்ளுக்குள் நுண்ணிய துளைகளோடு நின்றுவிடுகிறது. பல் முளைக்கும்போது சுண்ணாம்புக் கோடாகத் தெரியும். பிறகு சாப்பாட்டின் நிறம் ஏறிப் பழுப்பாகும். பல் வெளியே வருவதற்குள் அந்தச் செல்கள் அழிந்துபோகின்றன. தோல் கிழிந்தால் தைத்துக்கொள்ளும், எலும்பு முறிந்தால் கூடும். எனாமலுக்குச் சரிசெய்ய ஒரு செல்கூட மிஞ்சியிருப்பதில்லை.

நிலைத்த முன்பற்களின் எனாமல், பிறந்த சில மாதங்களில் ஈறுக்குள் தொடங்கி நான்கைந்து வயதில் முடிகிறது. ஆகவே இன்று நீங்கள் பார்க்கும் வரி, அவன் இரண்டு மூன்று வயதில் குடித்த தண்ணீருடையது. அப்போது தோட்டத்து வீட்டில் போர் தண்ணீர்தான் என்று நீங்களே எழுதியிருக்கிறீர்கள்.

ஃபுளோரைடு மிகுவதால் வரும் இந்த ஃபுளோரோசிஸ் நோயை இந்தியாவில் முதலில் பதிவு செய்தது நம் கிண்டி கிங் இன்ஸ்டிடியூட். ஷார்ட், பண்டிட், ராகவாச்சாரி மூவரும் 1937-இல் எழுதிய கட்டுரை அது. அன்று சென்னை மாகாணத்தில் இருந்த நெல்லூர் மாவட்டத்துக் கிராமங்களில் பல் கறைபட்டு, முதுகு விறைத்துப்போனவர்களைப் பற்றியது.

உங்கள் கிருஷ்ணகிரி, தர்மபுரி மண்ணுக்கும் தண்ணீரில் ஃபுளோரைடு சேர்க்கும் அதே குணம் உண்டு. கருங்கல்லும் நைஸ் பாறையுமான பூமி. அந்தப் பாறையின் தாதுக்களில் இருக்கும் ஃபுளோரைடு, பிளவுகளில் நெடுங்காலம் தேங்கிய தண்ணீரில் மெல்லக் கரைகிறது. தண்ணீரில் காரம் கூடி, கால்சியம் குறைந்திருந்தால் இன்னும் கரையும். ஆயிரம் அடிக்குப் போர் போடுகிறவர்கள் எத்தனை தலைமுறை தேங்கிய நீரை மேலே ஏற்றுகிறோம் என்று நினைத்துப் பார்ப்பதில்லை. இதனால்தான் ஜப்பான் கடனுதவியோடு ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர் மற்றும் ஃபுளோரோசிஸ் பாதிப்புக் குறைப்புத் திட்டம் வந்தது. 2008-இல் அடிக்கல் நாட்டி, ஏறத்தாழ 1,900 கோடி ரூபாய் செலவில் 2013-இல் தொடங்கிவைத்தார்கள். ஒரு நோயின் பெயரைத் தலைப்பிலேயே சுமக்கும் குடிநீர்த் திட்டம் அது. அந்தப் பெயரை நம் வீடுகளில் யாரும் உச்சரிக்காதது எனக்கு ஆற்றாமையாக இருக்கிறது.

ஒகேனக்கல் தண்ணீர் குழாயில் வருகிறது, குடிக்க அதுதான் என்கிறீர்கள். சமைக்க? போர் தண்ணீர் என்றால் பாதிதான் தப்பினோம். களியும் சோறும் உலைத்தண்ணீரைத் தமக்குள் இழுத்துக்கொள்ளும். கொதிக்க வைத்தாலும் ஃபுளோரைடு ஆவியாகாது. தண்ணீர் வற்ற வற்றச் செறிவுதான் கூடும். கேண்டில் ஃபில்டரால் பயனில்லை, ஆர்.ஓ. பெருமளவு நீக்கும். மழைநீரில் அது அநேகமாக இல்லவே இல்லை.

களியை மட்டும் விட்டுவிடாதீர்கள். 100 கிராம் கேழ்வரகில் ஏறத்தாழ 350 மில்லிகிராம் கால்சியம் உண்டு. சாப்பாட்டோடு போகும் கால்சியம் குடலிலேயே ஃபுளோரைடைப் பிடித்துக்கொண்டு வெளியேறும். மோரும் தயிரும் சேர்ந்தால் இன்னும் நல்லது. அரிசிக்கு மாறிவிட்ட உங்கள் ஊர் வீடுகளில் இதைச் சொல்லுங்கள்.

உங்கள் மாமியாருக்கு முதுகு விறைக்கிறது என்றும் எழுதியிருந்தீர்கள். அதற்கு வேறு காரணங்களும் இருக்கலாம். மருத்துவர்தான் பார்க்க வேண்டும். சர்க்கரை நோயால் சிறுநீரகம் தளர்ந்திருந்தால் ஃபுளோரைடு கூடுதலாகத் தங்கும் என்பதை மருத்துவரிடம் சொல்லிவிடுங்கள். நல்ல தண்ணீருக்கு மாறினால் எலும்பில் சேர்ந்தது பல வருடங்களில் கொஞ்சங் கொஞ்சமாகக் குறையும். பல்லுக்கு அந்த வாய்ப்பு இல்லை. மகனின் கறையைப் பல் மருத்துவர் மேலோட்டமாக மங்க வைக்கலாம், பூச்சால் மறைக்கலாம்.

எனக்கு அவசரமாகப் படுவது உங்கள் கொழுந்தனார் வீட்டுக் கைக்குழந்தை. ஒன்றரை வயது என்கிறீர்கள். அவளுடைய நிலைத்த முன்பற்களின் எனாமல் இப்போதுதான் ஈறுக்குள் உருவாகிக்கொண்டிருக்கிறது. அவர்கள் இன்னும் தோட்டத்து போரைத்தான் நம்பியிருக்கிறார்கள். குடிநீர் வடிகால் வாரியத்தின் மாவட்ட ஆய்வகத்துக்குச் சுத்தமான பிளாஸ்டிக் பாட்டிலில் அந்தத் தண்ணீரை எடுத்துப் போங்கள். ஃபுளோரைடு அளவு வேண்டும் என்று தனியாகக் கேளுங்கள். லிட்டருக்கு 1 மில்லிகிராமுக்குள் இருந்தால் கவலை இல்லை. 1.5-ஐத் தாண்டினால் அவளுடைய பாலுக்கும் கஞ்சிக்கும் அந்தத் தண்ணீர் ஒரு சொட்டும் வேண்டாம். பக்கத்துத் தோட்டத்துக்காரரையும் கையோடு கூட்டிப் போங்கள். ஒரே ஊரில் இரண்டு போர்களுக்கு இரண்டு அளவு வரும்.