வாயால் கழிக்குமா வௌவால்?

வௌவாலைப் பற்றிய கதைகள் எதுவும் வானத்திலிருந்து குதித்தவை அல்ல. யாரோ எதையோ கண்ணால் பார்த்திருக்கிறார்கள். அதற்குச் சொன்ன காரணம்தான் பிசகு. காவிரிக்கும் கொள்ளிடத்துக்கும் நடுவே வயல், தோப்பு, பழங்கோயில் மூன்றும் நெருங்கிக் கிடக்கும் ஸ்ரீரங்கமும், எதிர்க்கரைத் திருச்சியும் வௌவால்களுக்குத் தோதான ஊர்கள். கதைகளுக்கும் இங்கே பஞ்சமில்லை.

நம்பிக்கை: வௌவால் வாயால் தின்று வாயாலேயே கழிக்கும்.

உண்மை: பழந்தின்னி வௌவால் அடைந்த மரத்தடியில் காலையில் போய்ப் பாருங்கள். கட்டைவிரல் நகம் அளவுக்குச் சக்கைகள் சிதறிக் கிடக்கும். ஒன்றைக் குச்சியால் புரட்டினால் தட்டையாக, சாறு வற்றி, மேலண்ணத்தின் வரிகள்கூடப் பதிந்திருக்கும். பழத்தை நாக்கால் மேலண்ணத்தில் வைத்து நசுக்கி, சாற்றை விழுங்கிவிட்டு நாரைத் துப்புகிறது. பறக்கிற உடம்புக்கு வீண் பாரம் ஆகாது. விழுங்கியதும் அரைமணி நேரத்துக்குள் வெளியேறிவிடும், எல்லா விலங்குக்கும் உள்ள வழியில்தான். அந்த நேரத்தில் மட்டும் சிறகிலுள்ள கட்டைவிரல் நகத்தால் கிளையைப் பற்றிக்கொண்டு தலை மேலாக நிமிரும். வேலை முடிந்ததும் மறுபடி தலைகீழ். நிமிர்ந்ததை யாரும் கவனிக்கவில்லை, துப்பியதைத்தான் பார்த்தார்கள்.

நம்பிக்கை: வௌவாலுக்குக் கண் தெரியாது.

உண்மை: சிறகை விரித்தால் நாலடி நீளும் பெரிய பழந்தின்னி வௌவால், இரவில் கண்ணையும் மூக்கையும் நம்பித்தான் பழம் தேடுகிறது. எதிரொலி கேட்டு வழி கண்டுபிடிக்கும் வித்தை அதற்குக் கிடையாது. அந்த வித்தை பூச்சி தின்னும் சிறு வௌவால்களுடையது. அவை எழுப்பும் ஒலி நம் காதுக்கு எட்டாத உயரத்தில் இருக்கிறது. அவற்றுக்கும் கண் உண்டு, பார்வையும் உண்டு.

நம்பிக்கை: வௌவால் ரத்தம் குடிக்கும்.

உண்மை: ரத்தம் குடிக்கும் இனங்கள் உலகில் மூன்றே. மூன்றும் மெக்சிகோ முதல் தென் அமெரிக்கா வரையிலான பகுதியில் மட்டுமே வாழ்கின்றன. நம் பழைய மண்டபங்களில் தரையில் தவளைக்காலும் பல்லிவாலும் கிடப்பதைப் பார்த்தவர்கள் பயந்ததில் நியாயம் உண்டு. அது பெரிய காதுகொண்ட ஒரு வேட்டை வௌவாலின் சாப்பாட்டு மிச்சம். மதுரை காமராசர் பல்கலைக்கழகத்தின் ஜி. மாரிமுத்து, ஜெர்மானிய விஞ்ஞானி கெர்ஹார்ட் நாய்வைலருடன் சேர்ந்து 1987-இல் வெளியிட்ட ஆய்வு இதன் உத்தியை விளக்கியது. இரை அசையும் சரசரப்பைக் கேட்டுத்தான் இது பாய்கிறது. அசையாமல் உட்கார்ந்த தவளை தப்பித்துவிடும்.

நம்பிக்கை: வௌவால் அடைந்த இடம் பாழாகும்.

உண்மை: காரணமும் விளைவும் இடம் மாறிய கதை இது. ஆள் நடமாட்டமில்லாத, இருண்ட, வெப்பம் அதிகம் ஏறி இறங்காத இடத்தைத் தேடி வௌவால் வருகிறது. வீடு பாழானது முதலில், வௌவால் வந்தது பிறகு.

கோயிலில் எச்சத்தின் நாற்றமும் கல்லில் படியும் கறையும் உண்மையான தொல்லைகள்தாம். ஆனால் கணக்கின் மறுபக்கத்தையும் பார்க்க வேண்டும். ரங்கநாதர் கோயிலின் தல மரம் புன்னை. புன்னைக் காயின் மெல்லிய சதையைச் சுரண்டித் தின்றுவிட்டுக் கொட்டையைத் தொலைவில் போட்டுவிட்டுப் போவது பழந்தின்னி வௌவால். விளக்கெரிக்கும் எண்ணெய்க்குப் பெயர்போன இலுப்பையின் இரவுப் பூக்களில் மகரந்தம் சேர்ப்பதும், பழத்தைத் தூக்கிச் சென்று விதை பரப்புவதும் அதுவே. திருப்பணியின்போது பொந்தை அடைக்க வேண்டுமானால், குட்டிகள் தாயோடு ஒட்டியிருக்கும் காலம் கழிந்து, அந்தி சாய்ந்து எல்லாம் வெளியேறிய பிறகு அடைக்கலாம். உள்ளே வைத்துப் பூசினால் செத்து நாறும்.

நம்பிக்கை: தலைமுடியில் சிக்கிக்கொள்ளும்.

உண்மை: தெருவிளக்கையும் நம் தலையையும் சுற்றுவது கொசுவும் பூச்சியும். அவற்றைத் துரத்தி வருகிறது சின்ன வௌவால். ஒரே இரவில் தன் எடையில் பாதி அளவு பூச்சி தின்னக்கூடியது அது; நெல் வயல்காரருக்குச் சம்பளம் கேட்காத வேலைக்காரன்.

நம்பிக்கை: வௌவால் கறி ஆஸ்துமாவுக்கு மருந்து.

உண்மை: எந்த ஆதாரமும் இல்லை. பெரிய பழந்தின்னி வௌவால் வழக்கமாக ஆண்டுக்கு ஒரே குட்டிதான் ஈனும். வேட்டையில் குறைந்த கூட்டம் லேசில் மீளாது. 1972-ஆம் ஆண்டு வனவிலங்குச் சட்டம் பழந்தின்னி வௌவால்களை எலி, காக்கையோடு சேர்த்துத் தொல்லை உயிர்களின் பட்டியலில் வைத்திருந்தது. 2022-ஆம் ஆண்டுத் திருத்தம் அந்தப் பட்டியலையே நீக்கிவிட்டது.

நம்பிக்கை: நிபா வருகிறது, மரத்தை வெட்டு.

உண்மை: நிபா பொய்யல்ல. 2018-இல் கோழிக்கோட்டில் உயிர்களைப் பறித்த அந்த வைரஸ் பழந்தின்னி வௌவால்களிடம் வாழ்கிறது. மரத்தை வெட்டினால் அது ஒழியாது. மிரண்ட கூட்டம் அடுத்த தோப்புக்கும் அடுத்த ஊருக்கும் சிதறும். மணப்பாறைப் பக்கம் தோப்புப்பட்டி மக்கள் வௌவால்கள் மிரளும் என்று தீபாவளிக்குப் பட்டாசே வெடிப்பதில்லை. தொந்தரவு செய்யாமல் தள்ளி இருப்பதுதான் இரு தரப்புக்கும் பாதுகாப்பு. கடிபட்ட பழத்தைத் தின்னாதீர்கள். மூடாத கலயத்தில் இறக்கிய பதநீரைக் குடிக்காதீர்கள். அடிபட்டு விழுந்த வௌவாலை வெறுங்கையால் எடுக்காமல் வனத்துறைக்குச் சொல்லுங்கள். கடித்துவிட்டாலோ, சோப்புப் போட்டுப் பதினைந்து நிமிடம் கழுவிவிட்டு அன்றே மருத்துவமனைக்குப் போய் வெறிநோய்த் தடுப்பூசி பற்றிக் கேளுங்கள்.