கோவளத்தில் படம் பழக வந்த பிள்ளைகளுக்கு

1. கம்ப்யூட்டரைத் திறக்கும் முன் கிழக்குக் கடற்கரைச் சாலையில் பஸ் ஏறி மாமல்லபுரம் போய்விட்டு வாருங்கள். லோகோவும் போஸ்டரும் பழக வந்த உங்களுக்குப் பல்லவர் சிற்பத்தைவிட நல்ல பாடம் எனக்குத் தெரியாது.

2. அங்கே மகிஷாசுரமர்த்தினி குகையில் எதிரெதிர்ச் சுவர்களைப் பாருங்கள். ஒன்றில் திருமால் பாம்பணையில் கிடக்கிறார். நீண்டு கிடக்கும் அந்தக் கோட்டைப் பார்த்ததுமே மனம் அடங்கும். எதிரே போர். துர்க்கை சிங்கத்தின் மேல் முன்னேறி வருகிறாள். எருமைத்தலை அசுரனோ அவளைவிடப் பெரியவன். கையில் கதாயுதம், தலைக்கு மேல் குடைகூட உண்டு. ஆனாலும் தோற்கப்போவது அவன்தான் என்று புராணம் தெரியாத குழந்தையும் சொல்லும். அவன் உடல் பின்னால் சாய்ந்திருக்கிறது, அவ்வளவுதான். ரத்தம் காட்டவில்லை, வெட்டுண்ட தலை காட்டவில்லை; சாய்வை வைத்தே சிற்பி தீர்ப்பு எழுதிவிட்டார். நகையும் குடையும் அதற்கு அடுத்தபடிதான். நீங்களும் முதலில் சாய்வைத் தீர்மானியுங்கள், ஃபான்ட்டையும் வண்ணத்தையும் பிறகு பார்க்கலாம்.

3. அதே ஊரில் உள்ள அர்ச்சுனன் தபசுப் பாறை கிட்டத்தட்ட 27 மீட்டர் நீளம். நடுவே இயற்கையான பிளவு. அதைப் பூசி மறைக்காமல், நாகர்களைச் செதுக்கி ஆறாக்கினார்கள். மேலே தொட்டி வைத்துத் தண்ணீர் விட்ட தடயமும் உண்டு. உங்களுக்குக் கிடைக்கும் சுவரோ தாளோ கோணலாக இருந்தால், அந்தக் கோணலிலிருந்தே தொடங்குங்கள்.

4. அதே பாறையில் ஒற்றைக்காலில் கைதூக்கி நிற்கிறார் தவசி. கீழே பூனையும் கைதூக்கி நிற்கிறது, சுற்றிலும் எலிகள். அதே நிலை இரண்டாம் முறை வரும்போது பொருளே மாறிவிடுகிறது! தவசி அர்ச்சுனனா பகீரதனா என்று அறிஞர்கள் இன்னும் வாதாடுகிறார்கள். பூனையின் தவத்துக்கு விளக்கம் தேவைப்படவில்லை.

5. அளவு முக்கியம். சிற்பிகள் முக நீளத்தைத் தாளம் என்ற அடிப்படை அளவாகக் கொண்டு முழு உருவத்தையும் பகுப்பார்கள். நீங்களும் ஓர் அளவை முதலில் முடிவு செய்துகொண்டு படத்தைப் பகுத்துக்கொள்ளுங்கள்.

6. 2021-இல் நம் கோவளம் கடற்கரைக்கு நீலக்கொடிச் சான்று கிடைத்தது. அந்தக் கொடி சுத்தத்தைக் குறிக்கிறது என்பது தெரிந்தவர்களுக்கு மட்டுமே புரியும். நீல நிறத்துக்குள் சுத்தம் ஒளிந்திருக்கவில்லை. ஆகவே கடலில் இறங்க வேண்டாம் என்று எச்சரிக்கைப் பலகை எழுத நேர்ந்தால் அப்படிப்பட்ட குறிகளை நம்பாதீர்கள். அலையையும் அதில் மூழ்கும் மனிதனையும் வரையுங்கள். ஞாயிற்றுக்கிழமை வெளியூரிலிருந்து வரும் பையனின் உயிர் அந்தப் பலகையில் இருக்கிறது.

7. வரைந்ததைக் கருப்பு மையில், கட்டைவிரல் அளவுக்குச் சுருக்கி, மீன் விற்கும் அக்காவிடம் காட்டுங்கள். "என்ன தெரியுது அக்கா?" என்று மட்டும் கேளுங்கள். அவர் வேறெதையாவது சொன்னால் விளக்கத் தொடங்காமல், வீட்டுக்குப் போய்த் திரும்ப வரையுங்கள்.