கால் பரப்பி நிற்கும் எழுத்து

நீதிமன்ற வாசலில் மனு தட்டச்சு செய்பவர்களைப் பார்த்திருப்பீர்கள். முன்பு அவர்களிடம் தட்டச்சுப் பொறி இருந்தது. கோத்ரெஜ் நிறுவனம் 1955இல் இந்தியாவில் தட்டச்சுப் பொறி செய்யத் தொடங்கியது. 2009இல் நிறுத்தியது. இன்று பெரும்பாலும் கணினி வந்துவிட்டது. பொறி போனாலும் அதன் எழுத்து வடிவம் போகவில்லை.

தட்டச்சுக்கான ஆங்கில எழுத்து வகைகளில் பெயர் பெற்றது கூரியர். 1950களில் அமெரிக்காவில் ஐ.பி.எம். நிறுவனத்துக்காக ஹோவர்டு கெட்லர் என்பவர் இதை வரைந்தார். அந்த நிறுவனம் இதைத் தனக்கு மட்டும் என்று வைத்துக்கொள்ளவில்லை. அதனால் இது எங்கும் பரவியது.

எழுத்துக்கு ஏன் கால்?

தட்டச்சுப் பொறியில் எந்த எழுத்தைத் தட்டினாலும் தாள் ஒரே அளவுதான் நகரும். ஆங்கிலத்தில் ‘எம்’ அகலமான எழுத்து. ‘ஐ’ குச்சி போல ஒல்லியானது. இரண்டுக்கும் ஒரே இடம்தான். ஒல்லி எழுத்தின் இரு பக்கமும் வெற்றிடம் விழும். சொல் உடைந்தது போலத் தெரியும்.

இதற்கு ஒரு வழி செய்தார்கள். ஒல்லி எழுத்துக்குப் பட்டையான நீண்ட கால் வைத்தார்கள். கால் பரப்பி நின்றதும் இடம் நிரம்பியது. கூரியரில் கோடுகள் எல்லாம் ஒரே பருமன். கோட்டு முனைகள் கூராக இல்லை, உருண்டிருக்கும்.

என்ன பயன்?

எல்லா எழுத்துக்கும் ஒரே இடம். ஆகவே எண்கள் வரிசை தவறாமல் நிற்கும். ஒன்றின் கீழ் ஒன்று, பத்தின் கீழ் பத்து. கணக்கைச் சரிபார்ப்பது எளிது.

அமெரிக்க வெளியுறவுத் துறை 2004 வரை தன் கடிதங்களுக்கு இந்த எழுத்து வகையைப் பயன்படுத்தியது. ஹாலிவுட்டில் திரைக்கதையை இன்றும் இதில்தான் எழுதுகிறார்கள். ஒரு பக்கம் எழுதினால் திரையில் சுமார் ஒரு நிமிடம் என்பது அவர்கள் கணக்கு.

கவனம் தேவை

இந்த எழுத்தில் ஒரு சிக்கலும் உண்டு. எண் 1, ஆங்கிலச் சின்ன ‘எல்’ போலவே தெரியும். பூச்சியம், பெரிய ‘ஓ’ போலத் தெரியும். பழைய பொறிகள் பலவற்றில் 1 என்ற விசையே கிடையாது. ‘எல்’லைத்தான் தட்டுவார்கள்.

ஒரு பூச்சியம் கூடினால் ஆயிரம் பத்தாயிரம் ஆகிவிடும். கடன் பத்திரத்தில் அப்படி நேர்ந்தால் என்ன ஆகும்? ஆகவே கையெழுத்துப் போடும் முன் நீங்களே படியுங்கள். பெயர், தொகை, நிலத்தின் சர்வே எண் ஆகியவற்றை விரல் வைத்துப் பாருங்கள். தொகையை எண்ணாலும் எழுத்தாலும் எழுதச் சொல்லுங்கள். படிக்கத் தெரிந்த கண்ணை யாரும் எளிதில் ஏமாற்ற முடியாது.

செய்து பாருங்கள்

1. வீட்டில் உள்ள ரசீதுகளை எடுங்கள். கால் வைத்த ஆங்கில எழுத்து இருக்கிறதா?
2. 10,000 என்பதை எழுத்தால் எழுதுங்கள்.