கார்டைக் கழற்றாதீர்கள்

குறுவை அறுவடையும் ஐப்பசி மழையும் சேர்ந்து வரும் நாட்களில் அரிசி ஆலைகளிலிருந்து எனக்கு வரும் போன்களில் பாதி இப்படித்தான் தொடங்கும்: "சார், டிரையர் வால்வு திறக்கல, பி.எல்.சி. கார்டு போச்சு." கேட்டுக் கேட்டுச் சலித்துவிட்டது. நனைந்த நெல் குவியலுக்குள்ளேயே சூடேறி முளைவிடும். அதை 14 சதவீத ஈரத்துக்கு இறக்கவேண்டிய டிரையரை நிறுத்திவிட்டு, புதுக் கார்டு வரும்வரை காத்திருக்கிறார்கள். காத்திருக்கத் தேவையே இல்லை.

நம்பிக்கை: வால்வு அசையாவிட்டால் கார்டு எரிந்துவிட்டது.

உண்மை: நான் போய்ப் பார்த்த இடங்களில் பெரும்பாலும் கார்டு நன்றாகவே இருந்தது. பி.எல்.சி. என்ற கட்டுப்பாட்டுக் கணினியின் கார்டு வால்வுக்கு அனுப்புவது 4 முதல் 20 மில்லி ஆம்பியர் வரையான மின்னோட்டம். 4 என்றால் மூடு, 12 என்றால் பாதி, 20 என்றால் முழுதாகத் திற. கார்டிலிருந்து கேபிள், வால்வின் தலையில் இருந்து காற்றழுத்தத்தால் அதை அசைக்கும் பொசிஷனர், மறுபடி கார்டு என்று அது ஒரே வளையம். எங்கே அறுந்தாலும் ஓட்டம் நிற்கும். அறுந்தது கார்டில்தான் என்று எதை அளந்து முடிவு கட்டினீர்கள்?

டிரையருக்குப் போகும் ஸ்டீம் லைனைக் கை வால்வால் அடையுங்கள். கார்டிலிருந்து வெளியே போகும் இரண்டு வயரையும் கழற்றுங்கள். கார்டே மின்னோட்டம் கொடுக்கும் வகை என்றால், மீட்டரை மில்லி ஆம்பியரில் வைத்து அந்த இரண்டு முனையிலும் நேரே பிடியுங்கள். திரையில் 50 சதவீதம் கொடுங்கள். 12 காட்டினால் கார்டில் குறை இல்லை, வெளியே தேடுங்கள். ஐந்து நிமிட வேலை.

பூஜ்யம் காட்டினாலும் அவசரப்படாதீர்கள். மில்லி ஆம்பியர் துளையில் வயரைச் செருகியபடியே நேற்று யாராவது 24 வோல்ட் சப்ளையை அளந்திருந்தால், மீட்டருக்குள் இருக்கும் ஃபியூஸ் போயிருக்கும். செத்தது மீட்டர், பழி கார்டின்மேல்.

மன்னார்குடிப் பக்கம் ஓர் ஆலையில் வால்வு சொன்ன அளவுக்குத் திறக்கவில்லை என்று இரண்டு கார்டு மாற்றியிருந்தார்கள். கார்டு முனையில் அளந்தேன், 12. பொசிஷனரில் அளந்தேன், 9. மீதி எங்கே? வால்வுக்குப் பக்கத்திலிருந்த டெர்மினல் பெட்டியில் கேபிள் நுழையும் துளையை யாரும் அடைக்கவில்லை. உமித்தூசியும் மழைநீரும் சேறாகி இரண்டு முனைகளையும் இணைத்திருந்தன. துடைத்து உலர்த்தியதும் வால்வு திறந்தது. ஆகவே இரண்டு பக்கமும் அளக்காமல் பேசாதீர்கள். இரண்டு பக்கமும் 12 இருந்தும் வால்வு அசையாவிட்டால் முதலில் காற்றைச் சந்தேகியுங்கள். கம்ப்ரசர் காற்றோடு வரும் தண்ணீரை ஃபில்டரிலிருந்து வடித்துவிடுங்கள்.

நம்பிக்கை: பூஜ்யம் மில்லி ஆம்பியர் என்றால் வால்வு மூடியிருக்கிறது.

உண்மை: மூடு என்பதற்கு 4. பூஜ்யம் என்றால் வளையம் அறுந்திருக்கிறது. இரண்டையும் பிரித்துக் காட்டத்தான் 4-இல் தொடங்குகிறார்கள்.

நம்பிக்கை: கேபிள் நீளம், அதனால் சிக்னல் குறைகிறது.

உண்மை: ஒன்றரை சதுர மில்லிமீட்டர் செம்புக் கம்பி 200 மீட்டர் போய்த் திரும்பினாலும் 5 ஓம்தான். 20 மில்லி ஆம்பியரில் அது தின்பது வோல்ட்டில் பத்தில் ஒரு பங்கு. துருப்பிடித்த இணைப்பைத் தேடுங்கள்.

நம்பிக்கை: ஷீல்டு வயரை இரண்டு பக்கமும் எர்த் செய்தால் பாதுகாப்பு.

உண்மை: இந்த சிக்னலுக்குப் பேனல் பக்கம் மட்டும் போதும். இரண்டு எர்த்துக்கும் வித்தியாசம் இருந்தால் ஷீல்டிலேயே மின்சாரம் ஓடும்.

1967-இல் திருவாரூர் நவீன அரிசி ஆலை வளாகத்தில் சிறு தரப் பரிசோதனைக் கூடமாகத் தொடங்கியதுதான் இன்று தஞ்சாவூரில் நிஃப்டெம் நிறுவனமாக நிற்கிறது. நவீன ஆலை நமக்குப் புதிதல்ல. ஆனால் எந்த வயர் எங்கே போகிறது என்பது ஆலையில் ஒருவருக்குத்தான் தெரிகிறது. அவர் லீவு போட்டால் கார்டு "எரிந்துவிடுகிறது".

ஆலை முதலாளிகளே, ஒரு வளையத்துக்கு ஒரு தாள் போதும். தமிழில் எழுதுங்கள்: டெர்மினல் எண், வயர் எண், நன்றாக ஓடிய நாளில் 0, 50, 100 சதவீதத்துக்கு இரண்டு முனையிலும் அளந்த மில்லி ஆம்பியர். நல்ல நாளின் அளவு கையில் இல்லாமல், பழுதான நாளின் அளவை எதோடு ஒப்பிடுவீர்கள்? சம்பா அறுவடைக்கு முன் அந்தத் தாள் பேனல் கதவின் உள்பக்கம் இருக்கட்டும்.