உள்ளிருந்து உடைக்கும் புரதங்கள்

பி.எஸ்ஸி. இரண்டாம் ஆண்டு, விலங்கியல்

வைரஸ் என்றவுடன் அம்மையும் சளிக்காய்ச்சலும்தான் நம் நினைவுக்கு வரும். பாக்டீரியாவையும் வைரஸ் தாக்கும் என்பதைக் கல்லூரிக்கு வந்த பிறகே நான் அறிந்தேன். இவ்வகை வைரஸ்களுக்கு பாக்டீரியோஃபேஜ், சுருக்கமாக ஃபேஜ், என்று பெயர். 1915இல் டுவார்ட்டும் 1917இல் டி ஹெரெல்லும் இவற்றைக் கண்டறிந்தனர்.

ஃபேஜ் தன் மரபுப்பொருளை ஊசி போட்டாற்போல் செல்லுக்குள் செலுத்திவிடும். உள்ளே பெருகிய பின் வெளியேறுவதுதான் கடினம். நம் குடலில் வாழும் ஈ. கோலை பாக்டீரியாவுக்கு மூன்று உறைகள் உண்டு: உட்சவ்வு, பெப்டிடோகிளைக்கன் என்னும் வலைச்சுவர், புறச்சவ்வு. லாம்டா என்னும் ஃபேஜ், உறைக்கு ஒரு வகைப் புரதம் வைத்திருக்கிறது. ஹோலின் உட்சவ்வில் துளையிடும். அத்துளை வழியே எண்டோலைசின் என்னும் நொதி சென்று சுவரை அறுக்கும். கடைசியில் ஸ்பேனின் புறச்சவ்வைத் திறந்துவிடும்.

எண்டோலைசின் முன்னதாகவே தயாராகி, துளைக்காகக் காத்துக் கிடக்கிறது. அப்படியானால் ஹோலின் ஏன் தாமதிக்க வேண்டும்? பள்ளி வாசலையே மிதிக்காத என் தாயாரிடம் விடுமுறையில் இதைச் சொன்னேன். "அடைகாக்குற முட்டையை முந்தி உடைச்சா குஞ்சு ஏதுடா?" என்றார். விடை அதுதான். ஹோலின் மூலக்கூறுகள் செல்லுக்குத் தீங்கின்றிச் சவ்வில் சேர்ந்துகொண்டே வந்து, குறித்த வேளையில் திடீரென ஒன்றுகூடித் துளையாகின்றன. ஆய்வகத்தில் லாம்டாவைத் தூண்டிவிட்டால் இதற்கு ஏறத்தாழ 50 நிமிடங்கள் ஆகும். அதற்குள் சுமார் 100 ஃபேஜ்கள் உருவாகிவிடும். வியப்பு என்னவெனில், ஹோலினைத் தாமதப்படுத்தும் புரதமும் அதே ஜீனிலிருந்தே வருகிறது. அதில் இரண்டு அமினோ அமிலங்கள் கூடுதல், அவ்வளவே!

ஃபை எக்ஸ் 174 போன்ற மிகச் சிறிய ஃபேஜ்களுக்கு இத்தனை புரதங்களைச் சுமக்க இடமில்லை. அதன் ஒரே ஒரு சிறு புரதம், சுவர் கட்டத் தேவையான பொருளைத் தயாரிக்கும் நொதியை முடக்குகிறது. வளரும் செல், சுவர் போதாமல் வெடிக்கிறது. பெனிசிலினும் சுவர்க் கட்டுமானத்தைத்தான் தடுக்கிறது, வேறொரு படியில்.

ஆன்டிபயாடிக்குகளுக்கு அடங்காத பாக்டீரியாக்கள் பெருகிவரும் இந்நாளில், எண்டோலைசினையே மருந்தாக்க முடியுமா என்று ஆராய்கின்றனர். கிராம் பாசிட்டிவ் பாக்டீரியாக்களுக்குப் புறச்சவ்வு இல்லாததால், வெளியிலிருந்தே நொதி சுவரை எட்டிவிடும். 2001இல் ராக்ஃபெல்லர் பல்கலைக்கழகத்தின் ஃபிஷெட்டி குழுவினர், சுண்டெலிகளின் தொண்டையில் குடியேறிய ஸ்ட்ரெப்டோகாக்கஸ் பாக்டீரியாவை இவ்வாறு அகற்றிக் காட்டினர். ஈ. கோலை போன்ற கிராம் நெகட்டிவ் வகையிலோ புறச்சவ்வு கவசமாக நிற்கிறது. உள்ளிருந்து எளிதில் அறுக்கும் நொதி, வெளியிலிருந்து வரும்போது பெரும்பாலும் அங்கேயே தடுக்கப்பட்டுவிடுகிறது.