வெளக்கு கொச்சையா?

‘வேதாரண்யம் விளக்கழகு’ என்பது காவிரி டெல்டாவில் பலரும் அறிந்த சொலவடை. அதே ஊர்க்காரர் வாயில் அது ‘வெளக்கழகு’ என்றுதான் வரும். இலை எலையாகும், நிலம் நெலமாகும், குளம் கொளமாகும். இதற்காகப் பிள்ளைகளை வகுப்பில் எழுப்பி நிறுத்தி, எல்லோர் முன்னும் திருத்துகிற வழக்கம் இன்னும் ஒழியவில்லை. அதற்குத் துணை நிற்கும் நம்பிக்கைகளைப் பார்ப்போம்.

நம்பிக்கை: நாக்குச் சோம்பலால் வாய்க்கு வந்தபடி பேசுகிறார்கள்.

வேதாரண்யத்தை அடுத்த அகஸ்தியம்பள்ளி உப்பளத்தில் நின்று கேளுங்கள். இலையை எலை என்பவர் உப்பை ஒருநாளும் ஒப்பு என்பதில்லை. குப்பை கொப்பையாவதில்லை. புளியும் குளிரும் அப்படியேதான் இருக்கின்றன. காரணம், இதற்கு ஒரு விதி உண்டு. சொல்லின் முதலில் இ அல்லது உ இருக்க வேண்டும். அடுத்து ஒற்றை மெய் வர வேண்டும். அதன்மேல் அ அல்லது ஐ ஏறியிருக்க வேண்டும். அப்போதுதான் இ எகரமாகவும் உ ஒகரமாகவும் இறங்கும். வரப்போகும் அகரத்துக்காக நாக்கு முன்கூட்டியே தாழ்கிறது. உப்பில் பகரம் இரட்டித்திருப்பதால் உகரம் அசைவதில்லை.

இன்னும் நுட்பமானது ‘பொழப்பு’. பிழைப்பில் உள்ள இகரம், முன்னால் நிற்கும் பகரத்தின் இதழ் இயைபாலும் பின்னால் வரும் ழகரத்தாலும் உகரமாகிறது. பிடி புடியாவதும் இப்படித்தான். பிறகு அந்த உகரம் மேற்சொன்ன விதிப்படி ஒகரமாகிறது. பள்ளிக்கூடம் போகாத ஒருவர் இந்த இரண்டு படிகளையும் பிசகாமல் கடக்கிறார். இதைச் சோம்பல் என்பது அநியாயம்.

நம்பிக்கை: சினிமாவும் தொலைக்காட்சியும் வந்து கெடுத்துவிட்டன.

கன்னடத்தில் இலை ‘எலெ’, குடை ‘கொடெ’, விலை ‘பெலெ’, புகை ‘ஹொகெ’. எழுத்திலேயே எகரமும் ஒகரமும் நிற்கின்றன. புகைக்குத் தெலுங்கில் ‘பொக’. வேதாரண்யத்துப் புகையிலைக் கொல்லையில் ‘பொகையிலை’ என்பவர் இந்த உறவு மொழிகளுக்குப் பக்கத்தில்தான் நிற்கிறார். மொழியியலறிஞர் பத்ரிராஜு கிருஷ்ணமூர்த்தி 1958-இல் தென்திராவிட மொழிகளின் இ/எ, உ/ஒ மாற்றத்தைத் தனிக் கட்டுரையாகவே ஆராய்ந்தார். அகரத்துக்கு முன்னால் இந்த உயிர்களின் வேறுபாடு மிகப் பழங்காலத்திலேயே மங்கிவிட்டது. எழுத்துத் தமிழ் இ, உ பக்கம் நிலைத்தது. கன்னடம் எ, ஒ பக்கம் போனது.

நம்பிக்கை: உயர்ந்த மொழியை எழுதியபடியே பேசுவார்கள்.

ரஷ்யரிடம் போய் இதைச் சொல்ல முடியாது. பாலுக்கு அவர்கள் ‘மொலொகோ’ என்று எழுதி ‘மலகோ’ என்று படிக்கிறார்கள். அழுத்தம் கடைசி அசையில் விழுவதால் முன்னிரண்டு ஒகரமும் அகரச் சாயல் பெறுகின்றன. மாஸ்கோவின் கற்றறிந்த பேச்சே இதுதான்; கொச்சை என்று அங்கே யாரும் சொல்வதில்லை. பக்கத்து பெலாரஸ் மொழி அதே சொல்லை ஒலிப்படி ‘மலகோ’ என்றே எழுதுகிறது. ரஷ்ய எழுத்தாளரின் பெயரைத் தமிழில் சிலர் தஸ்தயேவ்ஸ்கி என்று எழுதுவதும் இந்த ஒலியைப் பின்பற்றித்தான். அங்கே அழுத்தம் செய்யும் வேலையை இங்கே அடுத்த உயிர் செய்கிறது.

எழுத்து ஒன்றாகவும் ஒலி வேறாகவும் இருப்பதை நம் இலக்கணமும் அறியும். குற்றியலுகரத்துக்கு அரை மாத்திரை என்று வகுத்து, அதன் புணர்ச்சிக்குத் தனி இயலே கொடுத்தார் தொல்காப்பியர். ஐகாரக் குறுக்கம் இன்னொன்று.

எழுதும்போது இலை என்றே எழுத வேண்டும், அதில் மறுப்பில்லை. குடையும் கொடையும், இடையும் எடையும் பேச்சில் ஒன்றாகக் கலந்துவிடுவதால் பிள்ளைகள் எழுத்தில் தடுமாறுவது உண்மை. இந்தச் சோடிகளைக் கரும்பலகையில் எழுதி, மேலே சொன்ன விதியையும் ஆசிரியர் ஒருமுறை விளக்கிவிட்டால் போதும். அதற்காகப் பிள்ளையின் வீட்டுப் பேச்சைத் தப்பு என்று சொல்லத் தேவையில்லை.