சட்டத்தை நாமே தேடிப் படிக்கலாம்



"தலாக் ஆன பெண்ணுக்கு இத்தா காலம் வரைதான் ஜீவனாம்சம்" என்று வாட்ஸ்அப்பில் வருவதைப் பலரும் அப்படியே நம்பிவிடுகிறார்கள். பிள்ளைகளோடு தாய்வீட்டில் இருக்கும் பெண் இதை நம்பினால் தன் உரிமையையே இழந்துவிடுவார். செல்போன் இருந்தால் செலவில்லாமல் நாமே சரிபார்க்கலாம்.

முதலில் சட்டம். மத்திய அரசின் 'இந்தியா கோட்' தளத்தில் சட்டங்கள் இலவசமாகக் கிடைக்கின்றன. 1986ஆம் ஆண்டின் முஸ்லிம் பெண்கள் (விவாகரத்து உரிமைப் பாதுகாப்பு) சட்டத்தின் 3ஆம் பிரிவைப் பாருங்கள். இத்தா காலத்துக்குள் நியாயமான ஏற்பாடும் ஜீவனாம்சமும் தரவேண்டும் என்று இருக்கும். இதோடு நிறுத்தினால் வாட்ஸ்அப் செய்தி சரியென்றே தோன்றும்.

இரண்டாவது தீர்ப்பு. 'இந்தியன் கானூன்' தளத்தில் டேனியல் லத்தீஃபி வழக்கை ஆங்கிலத்தில் தட்டித் தேடுங்கள். 2001இல் உச்ச நீதிமன்றத்தின் ஐந்து நீதிபதிகள் அமர்வு அந்தப் பிரிவுக்கு விளக்கம் தந்தது. அப்பெண்ணின் எதிர்காலத்துக்கும் சேர்த்தே ஏற்பாடு செய்யவேண்டும். அதை இத்தாவுக்குள் செய்து முடிக்கவேண்டும் என்பதே அதன் பொருள்.

மூன்றாவது, பிந்தைய நிலை. ஒரு தீர்ப்பை மேற்கோள் காட்டிய மற்ற தீர்ப்புகளின் பட்டியலும் அங்கேயே கிடைக்கும். அப்படிப் பார்த்தால் 2024 ஜூலை 10ஆம் தேதி வந்த அப்துல் சமத் எதிர் தெலங்கானா தீர்ப்பு தெரியவரும். விவாகரத்தான முஸ்லிம் பெண் குற்றவியல் நடைமுறைச் சட்டம் 125ஆம் பிரிவின் கீழும் ஜீவனாம்சம் கேட்கலாம் என்கிறது அது. அந்தச் சட்டத்துக்குப் பதிலாக 2024 ஜூலை 1 முதல் பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதா அமலில் உள்ளது. அதில் இது 144ஆம் பிரிவு. பழைய புத்தகத்தை மட்டும் பார்ப்பவருக்கு இது தெரியாது.

உச்ச நீதிமன்றத்தின் 'இ-எஸ்சிஆர்' தளத்தில் சில தீர்ப்புகளின் தமிழாக்கமும் உண்டு. வழக்கு ஏற்கெனவே நடந்துகொண்டிருந்தால், 'இ-கோர்ட்ஸ்' செயலியில் 16 இலக்க சிஎன்ஆர் எண்ணைப் போட்டு அடுத்த வாய்தாவை அறியலாம்.

படித்ததை வைத்து நாமே வழக்காட வேண்டாம். பிரிவு எண்ணையும் தீர்ப்பின் பெயரையும் குறித்துக்கொண்டு வக்கீலிடம் கேளுங்கள். வக்கீல் வைக்க வசதியில்லையா? 1987ஆம் ஆண்டின் சட்டப் பணிகள் ஆணையச் சட்டப்படி, வருமானம் எவ்வளவு இருந்தாலும் பெண்களுக்கு இலவச சட்ட உதவி உண்டு. 15100க்கு அழையுங்கள், அல்லது மாவட்ட நீதிமன்ற வளாகத்திலுள்ள சட்டப் பணிகள் ஆணைக்குழுவை அணுகுங்கள்.

அடுத்த முறை இப்படியொரு செய்தி வந்தால், பிறருக்கு அனுப்பும் முன் இந்த மூன்று படிகளில் சரிபாருங்கள்.